பத்துக்கு எத்தனை?

"வலி பத்துக்கு எத்தனை போடுவீங்க?"

பல் துலக்கும்போது வந்த ஒரு தும்மலில் தொடங்கியது என் இடது கால் வலி. மூன்றாம் நாள் ஒரு மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதுகூடப் பொய். இடப்பக்கப் புட்டத்தைத் தூக்கிக்கொண்டு நாற்காலியின் வலது கையில் தொங்கிக்கொண்டிருந்தேன். அவருடைய முதல் கேள்வி மேலே சொன்னது. கொஞ்சம் யோசித்து "ஏழு" என்றேன். ஏழு என்று எழுதிக்கொண்டார். அடுத்த வரியில் எம்ஆர்ஐ எழுதினார். ஆட்டோவில் வரும்போது மனத்துக்குள் அடுக்கிவைத்திருந்த சொற்கள் அத்தனையும் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டன: இடுப்பில் பிடித்து, பின்தொடையில் வெட்டி இழுத்து, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் எரிந்து, பெருவிரலில் மதமதவென்று போய் முடிகிற ஒன்று.

வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு வயதான அம்மா தன் வலியை மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மூக்கணாங்கயித்தப் புடிச்சு இழுக்கற மாதிரி இடுப்புலேர்ந்து சுண்டி இழுக்குதுடீ. நின்னா இழுக்குது, குனிஞ்சா விட்ருது. காலு எங்காலு இல்லாத மாதிரி மதமதன்னு இருக்கு." உள்ளே போனதும் அவரிடமும் பத்துக்கு எத்தனை என்றுதான் கேட்டிருப்பார்கள். அவர் சொன்ன மூன்று வாக்கியங்களில் என்னவெல்லாம் இருந்தன என்பது, இந்த வலியைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த வாக்கியங்களுக்குத் திரும்பி வருகிறேன்.

முதலில் நரம்பு. கீழ் முதுகிலிருந்து எல் 4, எல் 5, எஸ் 1, எஸ் 2, எஸ் 3 என்ற ஐந்து வேர்கள் வெளியே வந்து ஒன்றுசேர்ந்து சியாட்டிக் நரம்பாகின்றன. உடலிலேயே தடித்த நரம்பு இதுதான். ஏறக்குறைய ஒரு விரல் அகலம். புட்டத்தின் ஆழத்தில் இறங்கி, பின்தொடை வழியாக வந்து, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம்வரை போகிறது. பெரும்பாலும் கோளாறு இந்த நரம்பின் நடுவில் இருப்பதில்லை, வேரில் இருக்கிறது. கடைசி இரண்டு முதுகெலும்பு இடைவெளிகளில் ஒன்றில் டிஸ்க் பிதுங்கி வேரைத் தொடுகிறது, அலறுவதோ கால். இடுப்பில் வலியே இல்லாமல் கெண்டைக்கால் மட்டும் எரிகிறவர்கள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் கழிப்பது இதனால்தான்.

எந்த வேர் என்பதை வலியின் பாதையே பெரும்பாலும் காட்டிவிடும். எல் 5 என்றால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேற்புறம் கடந்து பெருவிரலுக்கு வரும். எஸ் 1 என்றால் கெண்டைக்காலின் பின்புறமாக இறங்கிப் பாதத்தின் வெளியோரம் சுண்டுவிரல் பக்கம் போகும்; கணுக்கால் பின்னால் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளாது. "எங்கே வலிக்குது?" என்று மட்டும் கேட்டால் இது கிடைக்காது. "எங்கேர்ந்து எங்கே போகுது? விரலால கோடு போட்டுக் காட்டுங்க" என்று கேட்டால் கிடைக்கும்.

இந்த நோய்க்கு வெவ்வேறு மொழிகள் வைத்த பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவையாக இருக்கிறது. சியாட்டிகா என்ற சொல் இடுப்பெலும்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'இஸ்கியோன்' என்பதிலிருந்து வந்தது, இடத்தின் பெயர். சரக சம்ஹிதை இதை 'கிருத்ரசி' என்கிறது. கிருத்ரம் என்றால் கழுகு. நோயாளி கழுகைப் போல நடக்கிறார் என்று விளக்கம் சொல்வார்கள். ஆக, அது நடையின் பெயர். புட்டத்தில் தொடங்கி இடுப்பு, முதுகு, தொடை, முழங்கால், கெண்டைக்கால், பாதம் என்று வரிசைக்கிரமமாக இறங்குவதாகச் சரகம் விவரிக்கிறது. எக்ஸ்ரேயும் எம்ஆர்ஐயும் இல்லாத காலத்தில், நோயாளி சொன்னதைக் கேட்டும் நடந்ததைப் பார்த்தும் மட்டுமே எழுதிய விவரம் அது. நம் ஊர்ப் பேச்சில் இதற்குத் தனிப்பெயர் இல்லை. "நரம்பு இழுக்குது" என்கிறோம். இடமும் இல்லை, நடையும் இல்லை; உணர்வை அப்படியே வினையாக்கிச் சொல்கிறோம்.

தமிழில் வலி என்ற சொல்லுக்கே மூன்று முகம் உண்டு. திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தில் அது வலிமை. துடுப்பு வலித்தல், தோணி வலித்தல் என்னும்போது இழுத்தல். காலில் வந்தால் நோவு. எது எதிலிருந்து பிறந்தது என்பதைச் சொல்லாய்வாளர்களிடம் விட்டுவிடுகிறேன். இழுத்தலும் நோதலும் ஒரே ஒலியில் இருப்பது இந்த நோயாளிக்கு வினோதமாகவே தோன்றாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

1764இல் நேப்பிள்ஸ் நகரில் தொமெனிகோ கொத்துன்யோ என்ற மருத்துவர், இடுப்பு மூட்டில் வரும் வலி வேறு, நரம்பின் வழியே ஓடும் வலி வேறு என்று பிரித்து லத்தீனில் ஒரு நூல் எழுதினார். காரணத்தை அவர் சரியாகச் சொல்லவில்லை. நரம்பு உறைக்குள் நீர் கோத்துக்கொள்கிறது என்று நினைத்தார். ஆனால் பிரித்தது சரி. நூற்றுப்பதினாறு ஆண்டுகள் கழித்து, 1880இல், பெல்கிரேடில் லாசா லாசரேவிச் என்ற மருத்துவர், மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியின் காலை முழங்கால் மடங்காமல் தூக்கினால் நரம்பு இழுபட்டு வலி வருவதை எழுதினார். அடுத்த ஆண்டே பாரிஸில் ஃபோர்ஸ்ட் என்ற மாணவர் தன் ஆய்வேட்டில் ஏறக்குறைய இதே சோதனையைத் தன் ஆசிரியர் லாசேக் சொல்லித் தந்ததாகக் குறிப்பிட்டார். பாடப்புத்தகங்களில் நின்றது லாசேக் பெயர். லாசரேவிச்சை செர்பியர்கள் மறக்கவில்லை, ஆனால் வேறு காரணத்துக்காக: அவர் அவர்களுடைய முக்கியமான சிறுகதையாசிரியர்களில் ஒருவர். கதை எழுதுகிறவருக்கு இந்தச் சோதனை தோன்றியதில் எனக்கு வியப்பில்லை. "எப்போ வலிக்குது, எப்படிப் பண்ணினா வலிக்குது" என்ற கேள்வி கதைக்காரனுக்குரிய கேள்விதான்.

டிஸ்க்தான் குற்றவாளி என்பது 1934இல்தான் உறுதியானது. அதை உறுதிசெய்தது பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதிய கட்டுரை. அதற்கு முன் அறுவைச் சிகிச்சையில் வெளியே எடுத்த துண்டுகளைப் பலர் குருத்தெலும்புக் கட்டி என்றே எண்ணியிருந்தார்கள்.

நம்மிடம் டிஸ்க்குக்கு 'ஜவ்வு' என்று பெயர். "ஜவ்வு விலகிடுச்சு" என்கிறோம். இந்த 'விலகல்' செய்திருக்கும் கேடு கொஞ்சநஞ்சமல்ல. விலகியது என்றால் திரும்பத் தள்ளி வைக்கலாம் என்று மனம் தானாகவே போகிறது. யாராவது மிதித்தோ திருகியோ சரிசெய்துவிடுவார் என்று தேடிப் போகிறோம். நடப்பது அதுவல்ல. பூரணக் கொழுக்கட்டையை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் மாவு விரிந்து பூரணம் பிதுங்குமே, அதுதான். டிஸ்க்கின் வெளிவளையம் கீறி, உள்ளே இருக்கும் கூழ் வெளியே வருகிறது. பிதுங்கிய பூரணத்தை யாரும் உள்ளே தள்ளிவைக்க முடியாது.

ஆனால் உடல் அதைத் தின்றுவிடும். வெளியே வந்த கூழை அந்நியப் பொருளாகப் பார்த்து, துப்புரவு வேலை செய்யும் வெள்ளணுக்கள் அதைக் கரைக்கின்றன. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, முற்றிலும் பிய்ந்து தனியாக விழுந்த துண்டுகளில் 96 சதவீதம் தானாகவே சுருங்கின அல்லது மறைந்தன. வெறுமனே உப்பியிருந்தவற்றில் 13 சதவீதம்தான். பெரிதாகப் பிய்ந்தது மோசம், சிறிதாக உப்பியது பரவாயில்லை என்று நாம் நினைப்பதற்கு நேர்மாறு. வலிக்கும் அழுத்தம் மட்டும் காரணமல்ல. அழுத்தமே இல்லாமல் அந்தக் கூழை நரம்பு வேரின்மேல் வைத்தாலே வேரின் கடத்தும் திறன் குறைவதை 1993இல் சுவீடன் ஆய்வாளர்கள் பன்றிகளில் காட்டினார்கள். கூழில் இருக்கும் வேதிப்பொருள்கள் நரம்பை வேகவைக்கின்றன. 'நசுங்குது' என்பவரைப் போலவே 'எரியுது' என்பவரும் பொய் சொல்லவில்லை.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

மான்ட்ரியலைச் சேர்ந்த உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், நோயாளிகள் வலியைச் சொல்லும் சொற்களைச் சேகரித்து, வகைப்படுத்தி, 1975இல் மெக்கில் வலி வினாநிரலை வெளியிட்டார். 78 சொற்கள், 20 தொகுதிகள். துடிப்பது ஒரு தொகுதி, குத்துவது ஒன்று, எரிவது ஒன்று, வலியால் மனம் படும் பாடு இன்னும் சில. சொற்களுக்கு நோய் கண்டறியும் மதிப்பு உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொண்ட கணம் அது என்பேன்.

அதைவிட எனக்குப் பயன்பட்டது 2005இல் பிரான்சில் உருவான டிஎன்4 என்ற சிறிய வினாநிரல். நரம்பினால் வரும் வலியா, தசை, எலும்பினால் வரும் வலியா என்று பிரிக்க அது பத்துக் கேள்விகள் கேட்கிறது. மூன்று, மருத்துவர் தொட்டும் குத்தியும் பார்ப்பவை. மீதி ஏழும் வெறும் சொற்கள். எரிச்சலா? வலிக்கிற குளிர்ச்சியா? மின்சாரம் தாக்கியது போலா? குறுகுறுப்பா? ஊசி குத்துவது போலா? மரத்துப்போகிறதா? அரிக்கிறதா? பத்தில் நான்குக்கு 'ஆம்' வந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த ஏழையும் நம் ஊரில் எந்தப் பாட்டியும் கேட்காமலே சொல்லுவார்: காந்துது, ஜில்லுன்னு வலிக்குது, ஷாக் அடிச்ச மாதிரி இருக்கு, எறும்பு ஊறுது, சுருக்சுருக்குன்னு குத்துது, மரத்துப்போச்சு, நமநமங்குது. தசைப்பிடிப்புக்கு இந்தச் சொற்கள் வருவதில்லை. அதற்கு 'பிடிப்பு', 'சுளுக்கு', 'கடுப்பு', 'உளைச்சல்' என்று வேறு கூட்டம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நெடுநேரம் நடந்த கால் 'உளையும்'. நரம்பு வலிக்கு அங்கே 'விறைச்சுப் போச்சு' என்று வேறு சொல் வரும். யாரும் பள்ளிக்கூடம் போய்க் கற்காத ஒரு வகைப்பாடு இது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மெக்கில் வினாநிரலில் வலியின் தன்மைக்கு ஓர் இடம், வலி தொடர்ந்து இருக்கிறதா விட்டுவிட்டு வருகிறதா என்பதற்கு வேறு இடம். தமிழில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. 'சுருக்கென்றது' என்றால் ஒரு தடவை. 'சுருக்சுருக்கென்கிறது' என்றால் விட்டுவிட்டுப் பல தடவை. 'விண்விண்' என்றால் நாடித் துடிப்போடு சேர்ந்து தெறிப்பது. சீழ் கட்டிய விரலுக்கு அது பொருந்தும், சியாட்டிகாவுக்குப் பொருந்தாது. 'சுளீர்' திடீரென்று வந்து போகும். 'கடுகடு' போகாமல் நிற்கும். இலக்கண ஆசிரியர்கள் 'சுருக்சுருக்' அடுக்குத்தொடர், 'கடுகடு' இரட்டைக்கிளவி என்று என்னைத் திருத்தலாம்; திருத்தட்டும். அவர்கள் சொல்லும் அந்த வேறுபாடே விட்டுவிட்டு வரும் வலிக்கும் விடாத வலிக்கும் உள்ள வேறுபாடாக இருப்பதை ஒருமுறை யோசித்துப் பார்க்கவும் வேண்டும்.

மிகவும் கவனிக்க வேண்டிய சொல் 'மரத்துப்போச்சு'. மூன்று வெவ்வேறு சங்கதிகளை இந்த ஒரே சொல்லால் சொல்கிறோம். தொட்டால் தெரியவில்லை என்பது ஒன்று. எறும்பு ஊறுகிறது என்பது ஒன்று. காலைத் தூக்க வரவில்லை, கனக்கிறது என்பது மூன்றாவது. மூன்றாவது பலவீனம்; அவசரம். "வலி இப்போ நல்லாக் குறைஞ்சிடுச்சு டாக்டர், கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான்" என்று மகிழ்ச்சியோடு சொல்கிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நடக்கும்போது செருப்பு கழன்று போகிறதா, வாசற்படியில் விரல் இடிக்கிறதா? ஆமென்றால் பாதத்தைத் தூக்கும் தசை தளர்ந்திருக்கலாம். வலி போனது குணமானதால் இல்லாமல், வேர் இன்னும் அதிகமாக அடிபட்டதால் இருக்கலாம். எண்ணில் கேட்டிருந்தால் ஏழு மூன்றாகியிருக்கும். தாளில் முன்னேற்றம் என்று பதிவாகியிருக்கும்.

காத்திருப்பு அறையில் பார்த்த அந்த அம்மாவின் வாக்கியங்களும் இதே மாதிரிதான். நின்றால் இழுக்கிறது, குனிந்தால் விட்டுவிடுகிறது என்றார். டிஸ்க் பிதுங்கியவர்களுக்குப் பெரும்பாலும் குனிந்தால், உட்கார்ந்தால், தும்மினால்தான் கூடும். குனிந்தால் குறைகிறது என்று வயதானவர் சொன்னால் தண்டுவடக் குழாயே குறுகிப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குனியும்போது குழாய் கொஞ்சம் விரிகிறது. இப்படிப்பட்டவர்கள் தெருமுனைவரை நடக்க முடியாமல் திணறுவார்கள், ஆனால் முன்னால் குனிந்து சைக்கிள் மிதிப்பார்கள். வேறு நோய், வேறு வைத்தியம், வேறு உடற்பயிற்சி. அந்த அம்மா அதைத் தன் மகளிடம் சொல்லிவிட்டார். உள்ளே சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது.

எண் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஆளின் வலி இந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் எப்படி மாறுகிறது என்று பார்க்க அது நல்ல கருவி. முதல் கேள்வியாகவும் ஒரே கேள்வியாகவும் அது ஆகிவிட்டதுதான் பிழை. சொல்லின் இடத்தை எண் பாதி எடுத்துக்கொண்டது. மீதியைப் படம் எடுத்துக்கொண்டது.

படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதத்தினருக்கு ஓரிடத்திலாவது டிஸ்க் உப்பியிருந்தது. 27 சதவீதத்தினருக்குப் பிதுங்கியே இருந்தது. 2015இல் வலியில்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில், இருபது வயதினரிலேயே 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்ந்திருந்தது. எண்பது வயதினரில் 96 சதவீதம். நரைமுடிக்கு யாரும் ஸ்கேன் எடுத்து 'முடித் தேய்மானம்' என்று எழுதுவதில்லை. முதுகுக்கு எழுதுகிறார்கள். 'தேய்மானம்' என்ற சொல்லைக் கேட்டதும் வண்டி டயர் ஞாபகம் வந்து, இனி நடந்தால் இன்னும் தேயும் என்று படுத்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். படம் பயனற்றது அல்ல; நோயாளி போட்டுக் காட்டிய கோடும் படத்தில் தெரியும் பிதுக்கமும் ஒரே வேரைச் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. கோடே போடச் சொல்லாமல் எடுத்த படம் வெறும் கறுப்பு வெள்ளை ஃபிலிம்.

வைத்தியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் செய்தி பெரும்பாலும் நல்லது. படுக்கை ஓய்வால் பெரிய நன்மை இல்லை என்று 1999இல் நெதர்லாந்தில் 183 பேரை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. படுத்தவர்களிலும் படுக்காதவர்களிலும் பன்னிரண்டு வாரத்தில் 87 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். அதே நாட்டில் 2007இல் கடும் வலியோடு இருந்த 283 பேரில் ஒரு பாதிக்குச் சீக்கிரமே அறுவைச் சிகிச்சை, மறுபாதிக்குப் பொறுத்திருத்தல். அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் கடைசியில் அறுவைக்கே போனார்கள். ஓராண்டு முடிவில் இரு பக்கமும் 95 சதவீதம் குணம். அதாவது அறுவை வாங்கித் தருவது பெரும்பாலும் காலத்தை. அந்தக் காலம் சிலருக்கு மிகவும் விலையுயர்ந்தது. கூலி வேலைக்காரர் மூன்று மாதம் பொறுத்திருக்க முடியாது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. நம் ஊரில் இந்த வலிக்குச் சரளமாக எழுதப்படும் ப்ரீகாபலின் மாத்திரையை 2017இல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் சோதித்தார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றலைக் கூட்டியது.

பொறுத்திருக்கும் மாதங்களை எப்படிக் கழிப்பது என்பதை ஆய்வுகள் சொல்வதில்லை. தமிழ் வாழ்க்கை உட்காரும் வாழ்க்கை. வீட்டுக்குப் போனால் முதல் வார்த்தை "உட்காருங்க". துக்க வீட்டில் தரையில் உட்கார வேண்டும், பந்தியில் உட்கார வேண்டும், பேருந்தில் சீட்டுக் கிடைத்தால் நிற்பவனைப் பைத்தியம் என்பார்கள். நான் ஆறு வாரம் நின்றுகொண்டே எழுதினேன், நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஒரு கல்யாணத்தில் மூன்று மணி நேரம் தூணில் சாய்ந்து நின்றதற்கு, பெண்வீட்டார்மேல் ஏதோ மனத்தாங்கல் என்று பேச்சு பரவியது. பேன்ட்டில் இடது காலை நுழைப்பது, கால் நகம் வெட்டுவது, கீழே விழுந்த சில்லறையை எடுப்பது எல்லாம் தனித்தனித் திட்டங்கள். முகத்தில் ஒன்றும் தெரியாது என்பதுதான் கொடுமை. "நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலிக்கான தன் வரையறையைத் திருத்தியபோது, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பையும் சேர்த்தது. அதை அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாமா என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

எனக்கு நான்காம் மாதத்தில் வலி போய்விட்டது. பெருவிரலின் மேல் ஒரு ரூபாய் அகலத்துக்கு மதமதப்பு மட்டும் மீதி இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சொல்லாமல் விட்டால் ஆபத்தான ஓர் அறிகுறி இந்த நோயில் உண்டு. நாம் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவதும் அதையேதான். பெரிய பிதுக்கம் தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புக் கற்றையை மொத்தமாக நெருக்கினால், இரண்டு தொடைகளுக்கு நடுவில், பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி உணர்வு போகும். சிறுநீர் வராது, அல்லது வருவது தெரியாது. பாடப்புத்தகம் இந்த இடத்தைச் சேணம் படும் பகுதி என்கிறது. குதிரை ஏறாத நமக்கு அது உதவாது. அப்படி நேர்ந்தால் காலைவரை பொறுக்காதீர்கள். சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தர ஊனமாகலாம். அவசரப் பிரிவின் வாசலிலேயே, யார் பக்கத்தில் இருந்தாலும், இந்த வாக்கியத்தைச் சொல்லுங்கள்: "சைக்கிள் சீட்டுல படுற இடம் மரத்துப்போச்சு, யூரின் வரலை."